இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கைக் கடவுச்சீட்டு எடுப்பது எப்படி: மலையகத்தில் இருந்து போகிறவர்களுக்கு

அக்கா இலண்டனில் இருபது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்தவர். பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவர். அம்மாவுக்கு நடக்க முடியாமல் போனதும் ஹட்டனுக்கு வந்து அம்மாவோடு இருக்க முடிவு செய்தார். இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கையில் கிடைத்த பிறகு, "இனி என்ன, போய் பாஸ்போட் எடுக்க வேண்டியதுதானே" என்று நினைத்தோம். அந்த ஒரு கடவுச்சீட்டுக்கும் மருமகனுடைய (அக்காவின் மகனுடைய) கடவுச்சீட்டுக்கும் நான்கு முறை பஸ் ஏறினோம். இரண்டு பயணத்தில் முடித்திருக்கலாம். மற்ற இரண்டும் நாங்கள் வீட்டிலேயே சரிபார்த்திருக்க வேண்டிய விஷயங்களுக்காகப் போனவை.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பதுளை, ஹப்புத்தளை என்று எங்கே பார்த்தாலும் இப்போது வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருக்கிற குடும்பம் உண்டு. அவர்கள் இரண்டு மூன்று வார லீவில்தான் வருவார்கள். அந்த நாட்கள் வரிசையில் கரைந்துபோகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் நீங்கள் எந்த வகை என்று தெளிவாகுங்கள்

இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் பிறகு செய்வதெல்லாம் வீண்.

வெளிநாட்டில் நிரந்தர வதிவிடம் மட்டும் இருந்தால், அதாவது பி.ஆர், கிரீன் காட் போன்றவை, நீங்கள் இரட்டைக் குடியுரிமையாளர் இல்லை. இலங்கைக் குடிமகன்தான். மற்ற எல்லோரையும் போல சாதாரணமாகவே விண்ணப்பிக்கலாம்.

நீங்களாக விண்ணப்பித்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 20ஆம் அல்லது 21ஆம் பிரிவின்படி உங்கள் இலங்கைக் குடியுரிமை அன்றோடு போய்விட்டது. யாரும் கடிதம் அனுப்பிச் சொல்ல மாட்டார்கள். அடையாள அட்டை பர்ஸில் இருக்கும். பழைய கடவுச்சீட்டில் இன்னும் ஐந்து வருடம் மிச்சமிருக்கும். இரண்டும் உங்களைக் குடிமகனாக்காது. அந்தப் பழைய கடவுச்சீட்டைப் பாவித்துப் பயணம் செய்வதும், "தொலைந்துவிட்டது" என்று சொல்லிப் புதிதாகக் கேட்பதும், உண்மையை மறைத்து விண்ணப்பிப்பதும் குற்றம். நம் ஊரில் சர்வ சாதாரணமாக "அதெல்லாம் கேக்க மாட்டாங்க" என்று சொல்லுவார்கள். கேட்பார்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ். கடவுச்சீட்டு அதற்குப் பிறகுதான்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் தனி வகை. அவர்களைப் பற்றி 5ஆம் தலைப்பில் சொல்லியிருக்கிறேன்.

இந்தியா சம்பந்தப்பட்டவர்கள் மலையகத்தில் நிறையப் பேர் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஓ.சி.ஐ அட்டை என்பது குடியுரிமை அல்ல, அது ஆயுள்கால வீசா மாதிரி. ஆகவே ஓ.சி.ஐ வைத்திருப்பதற்காக ஒரு இலங்கையருக்கு இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் தேவைப்படாது. அதேபோல, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் தாத்தா பாட்டிக்குக் கொடுத்த இந்தியப் பாஸ்போட் ட்ரங்குப் பெட்டிக்குள் கிடக்கிற வீடுகள் உண்டு. இந்தியாவுக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட அவர்கள் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்து இலங்கைக் குடியுரிமை பெற்றிருப்பார்கள். அந்தப் பிரகடனப் பத்திரத்தையும், அதற்கு முந்திய சட்டங்களின் கீழ் கிடைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழ்களையும் தேடி எடுத்து ஒரு உறையில் போட்டு வையுங்கள். பதிவின் மூலம் குடியுரிமை பெற்ற குடும்பமாக இருந்தால் பெற்றோரின் பத்திரத்தைக் கேட்கும் சந்தர்ப்பம் வரும். அப்போது பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

2. சான்றிதழ் இன்னும் எடுக்காதவர்களுக்கு

இதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். இங்கே கடவுச்சீட்டுக்குத் தேவையான அளவு மட்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமையை ஏற்கெனவே எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் 19(2) பிரிவின் கீழ் திரும்பப் பெற விண்ணப்பிக்கிறார். இன்னும் எடுக்கவில்லை, எடுக்கப் போகிறேன் என்பவர் 19(3) இன் கீழ் தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிக்கிறார். இரண்டாவது நிலையில் இருப்பவர்கள் வெளிநாட்டுச் சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே யோசித்துவிட்டால் நல்லது.

எந்தத் தகுதியில் கேட்கிறீர்கள் என்பதை விண்ணப்பத்தில் தெரிவு செய்ய வேண்டும்: 55 வயதுக்கு மேற்பட்டவர், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர், இலங்கையில் 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத அசையாச் சொத்து உள்ளவர், அதே தொகையை நிலையான வைப்பில் மூன்று வருடத்துக்குப் போட்டவர், 25,000 அமெரிக்க டொலரை வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்திருப்பவர் என்று போகும். இதில் மலையகத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று தலைமுறையாக இருந்த லயக் காம்பிரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) உங்கள் பெயரில் உறுதி உள்ள சொத்து அல்ல. தோட்டத்து நிலத்தில் சொந்தச் செலவில் கட்டிய வீடும் அப்படித்தான். "எங்களுக்கு வீடு இருக்கிறதே" என்று சொத்துத் தகுதியில் விண்ணப்பித்து, உறுதிப் பத்திரம் கேட்டபோது நின்றவர்களை எனக்குத் தெரியும். அக்கா தாதியர் தகைமையில் விண்ணப்பித்தார். சான்றிதழ்களைக் காட்டினார். அந்தப் பகுதி பிரச்சினை இல்லாமல் போனது.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வெளிநாட்டுக் குடியுரிமைப் பத்திரம், இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டுகளின் பிரதிகள், வசிக்கும் நாட்டுப் பொலிஸ் அறிக்கை ஆகியவை வேண்டும். பொலிஸ் அறிக்கை பழசாகிவிட்டால் திரும்ப எடுக்க வேண்டிவரும், ஆகவே அதைக் கடைசியாக எடுங்கள். வாழ்க்கைத் துணையையும் 22 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். கட்டணம் ரூபாவில் கணக்குப் பார்த்தால் இலட்சக்கணக்கில் வரும். அவ்வப்போது வர்த்தமானியில் மாற்றுகிறார்கள் என்பதால் கட்டும் வாரத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்கள இணையத்தளத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ பத்தரமுல்லையில் உள்ள தலைமையகக் குடியுரிமைப் பிரிவிலோ கொடுக்கலாம். மாதக்கணக்கில் ஆகும். லீவில் வந்து கொடுத்துவிட்டு அதே லீவில் பாஸ்போட்டோடு திரும்பலாம் என்று திட்டமிடாதீர்கள்.

3. பெயர்

இந்த ஒரு தலைப்பை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். எங்கள் நான்கு பயணங்களில் ஒன்று இதற்காகவே போனது.

தோட்டத்தில் பிறந்த நம் பெற்றோரின், நம்முடைய பிறப்புப் பதிவுகளைப் பாருங்கள். தகவல் சொன்னவர் வாயால் சொன்னதை எழுதியவர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். லெட்சுமி ஒரு பத்திரத்தில் லக்ஷ்மி, இன்னொன்றில் லச்சிமி. சிங்களத்தில் எழுதியதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது வேறொரு எழுத்துக்கூட்டல். அப்பா பெயர் பிறப்புச் சான்றிதழில் ராமசாமி, அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், பள்ளிக்கூடச் சான்றிதழில் ராமையா. சில பத்திரங்களில் பிள்ளைக்குப் பெயரே இருக்காது, "பெண் பிள்ளை" என்று மட்டும் இருக்கும்.

ஊரிலேயே இருக்கும்வரை இதெல்லாம் ஒரு சத்தியக் கடதாசியோடு ஓடிவிடும். வெளிநாட்டுக்குப் போனதும் இன்னொரு அடுக்கு சேருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அங்கே அந்தக் கட்டம் காலியாக இருக்க விட மாட்டார்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராகிறது. கலியாணத்துக்குப் பிறகு அது மாறிக் கணவர் பெயராகிறது. அக்காவின் பிறப்புச் சான்றிதழ், இலங்கை அடையாள அட்டை, பழைய இலங்கைக் கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ், பிரித்தானியக் கடவுச்சீட்டு, இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் ஆகிய ஆறையும் மேசையில் பரப்பி வைத்தபோது நான்கு விதமான பெயர்கள் இருந்தன. ஆள் ஒருவர்தான். கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு கொப்பித் தாளை எடுங்கள். இடது பக்கத்தில் ஒவ்வொரு பத்திரத்தின் பெயரையும் எழுதுங்கள். எதிரே அதில் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அப்பா பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் அப்படியே எழுதுங்கள். வித்தியாசம் உள்ள இடத்தில் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு காரணமும் ஒரு பத்திரமும் இருக்க வேண்டும். கணவர் பெயர் சேர்ந்தது என்றால் அதற்குத் திருமணச் சான்றிதழ். வெளிநாட்டில் பெயரைச் சட்டப்படி மாற்றியிருந்தால் அந்தப் பெயர்மாற்றப் பத்திரம். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் அதைப் பிரதேச செயலகத்தில் திருத்த வேண்டும்.

பிறப்புப் பதிவுத் திருத்தம் வாரங்களில் முடிந்தால் அதிர்ஷ்டம். பெயர் விடுபட்டது, எழுத்துப் பிழை, அப்பா பெயர்ப் பிழை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பமும் தனித்தனிச் சான்றுகளும் கேட்பார்கள்: ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளிக்கூட வரவுப் பதிவு, தோட்டத்துப் பிறப்புப் பதிவு, சகோதரர்களின் பிறப்புச் சான்றிதழ். வெளிநாட்டில் இருப்பவர் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஊரில் இருப்பவர்கள் இதைத் தொடங்கிவிட வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத வயதானவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதற்கும் பிரதேச செயலகம்தான்.

சத்தியக் கடதாசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்" என்று சமாதான நீதவான் முன் கையெழுத்து வைத்த கடதாசி சின்ன எழுத்து வித்தியாசத்துக்கு உதவும். அப்பா பெயரே வேறு என்றால் உதவாது. நாங்கள் அதை நம்பிப் போனோம். திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியது சரிதான்.

இலங்கைக் கடவுச்சீட்டில் என்ன பெயர் வரவேண்டும் என்று தீர்மானிக்கும்போது மற்ற நாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது, உங்களிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் அதன் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, கலர் போட்டோக்கொப்பி எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள். வேறாக இருந்தால் ஒன்றை மாற்றிக்கொண்டு வரச் சொல்லுவார்கள். இன்றைக்கு இங்கே அவசரத்தில் விட்ட எழுத்து நாளைக்கு அங்கே விண்ணப்பத்தை நிறுத்தும். அக்கா பிரித்தானியக் கடவுச்சீட்டில் உள்ளபடியே இலங்கைப் பெயரையும் கொண்டுவரத் தீர்மானித்தார். அதற்காக முதலில் அடையாள அட்டையை மாற்றினோம்.

4. கொண்டுபோக வேண்டியவை

எல்லாவற்றிலும் மூலப் பிரதியும் போட்டோக்கொப்பியும். கொப்பியை வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் எடுத்துக்கொண்டு போங்கள். வரிசையை விட்டு வெளியே வந்தால் அந்த இடம் போய்விடும்.

விண்ணப்பப் படிவம் கே 35 ஏ. இலவசம். இணையத்தளத்தில் இருந்து எடுத்து அச்சிடலாம். இதைக் காசுக்கு விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இரண்டும்தான் உங்களை மற்ற விண்ணப்பதாரரில் இருந்து வேறுபடுத்துபவை. சான்றிதழை மறந்துவிட்டு வெளிநாட்டுக் கடவுச்சீட்டை மட்டும் காட்டினால் நீங்கள் வெளிநாட்டவர், அவ்வளவுதான். அந்தச் சான்றிதழை லெமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் போதும்.

பிறப்புச் சான்றிதழ் கிழிந்தோ மங்கியோ இருந்தால் புதிய உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். 1960க்குப் பிந்திய பதிவு என்றால் பிறந்த இடத்துக்கே போக வேண்டியதில்லை, எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுருக்கமாக முடியும், ஆகவே பழைய பிரதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தேசிய அடையாள அட்டை. பெயரோ விலாசமோ மாறியிருந்தால் இதை முதலில் முடியுங்கள். தோட்டத்தில் வசிப்பவர்களுடைய விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தருக்குப் பதிலாகத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்தலாம். துரை எந்த நாளில் ஆபீஸில் இருப்பார் என்று கிளாக்கர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள். மாதக் கடைசியிலும் சம்பள நாளிலும் போனால் காத்திருக்க வேண்டிவரும்.

பழைய இலங்கைக் கடவுச்சீட்டு காலாவதியாகி இருந்தாலும் கொண்டுபோங்கள். திருமணச் சான்றிதழ், வெளிநாட்டில் முடித்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழ். இத்தாலி, பிரான்ஸ், ஜேர்மனி போன்ற இடங்களில் இருந்து வருகிற பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

படம். கையில் படத்தைக் கொண்டுபோய் ஒட்டுவது பழைய காலம். திணைக்களத்தில் பதிவான ஸ்டூடியோவில் எடுத்தால் அவர்களே கணினி மூலம் படத்தை அனுப்பிவிட்டு ஒரு ரசீது தருவார்கள். அந்த ரசீதுதான் முக்கியம். பட்டியல் இணையத்தளத்தில் இருக்கிறது. ஸ்டூடியோவில் உங்கள் விவரங்களைப் பதியும்போது திரையை எட்டிப் பாருங்கள். எங்களுக்கு அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எண் தவறிவிட்டது, நல்லவேளை அங்கேயே கண்டுபிடித்தோம்.

5. பிள்ளைகள்

வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறந்த நேரத்தில் தாயோ தகப்பனோ இலங்கைக் குடிமகனாக இருந்திருந்தால், 5(2) பிரிவின் கீழ் பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் எடுக்கலாம். 2003க்குப் பிறகு தாய் வழியாகவும் முடியும். பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தில் பதிவது நல்லது. பிந்தினால் காரணம் சொல்ல வேண்டும், மேலதிகப் பணமும் கட்ட வேண்டும். பெற்றோர் இருவரும் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமையும் இல்லாத காலத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அந்தப் பிள்ளையை மேலே சொன்னபடி பெற்றோரின் இரட்டைக் குடியுரிமை விண்ணப்பத்தில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

எல்லோரும் தவறவிடுகிற ஒரு வயதெல்லை இருக்கிறது: 22. வம்சாவளியாக இலங்கைக் குடியுரிமையும் பிறப்பால் இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் உள்ள பிள்ளை, 22 வயது முடியும்போது மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இலங்கைக் குடியுரிமையை இழக்கும். இரண்டையும் வைத்திருக்க வேண்டுமானால் அதற்கு முன்பே இரட்டைக் குடியுரிமைக்கு வழி செய்ய வேண்டும். மருமகனுக்கு இப்போது 19. கடவுச்சீட்டு 10 வருடத்துக்குக் கிடைக்கிறதே என்று இருந்துவிட்டால், அவனுடைய குடியுரிமை அந்தப் புத்தகத்துக்கு முன்பே முடிந்துவிடும். நாட்காட்டியில் இப்போதே குறித்து வைத்திருக்கிறோம்.

மருமகன் விஷயத்தில் எங்கள் இன்னொரு பயணம் வீணானது, அவனுக்கு அடையாள அட்டை இல்லாததால். இலண்டனில் பிறந்தவன், 5(2) சான்றிதழ் மட்டும் வைத்திருந்தான். 16 வயதுக்கு மேற்பட்டவர் இங்கே விண்ணப்பிக்கும்போது அடையாள அட்டை வேண்டும். குடியுரிமைச் சான்றிதழைக் காட்டி ஆட்பதிவுத் திணைக்கள அட்டையை முதலில் எடுங்கள், பிறகு கடவுச்சீட்டு.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். இருவரும் நேரில் போவதே சுகம். ஒருவர் வெளிநாட்டில் நின்றுவிட்டால், அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் செல்லாது. பிரிந்து வாழ்கிற பெற்றோர் என்றால் பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்ற நீதிமன்றக் கட்டளையைக் கொண்டுபோங்கள்.

6. கண்டியா, பத்தரமுல்லையா

திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கிறது. கண்டி, மாத்தறை, வவுனியா, குருநாகல் ஆகிய இடங்களில் பிராந்தியக் காரியாலயங்கள் உண்டு, 2025இல் யாழ்ப்பாணமும் சேர்ந்தது. மலையகத்தவருக்குக் கிட்டியது கண்டிதான்.

என் கருத்து: இரட்டைக் குடியுரிமை கிடைத்த பிறகு எடுக்கிற முதல் கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைக்கே போங்கள். உங்களுடைய குடியுரிமைக் கோப்பு அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதே கட்டடத்தில் பார்த்துவிடலாம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது கண்டி போதும். ஒருநாள் சேவை வேண்டுமென்றாலும் பத்தரமுல்லைதான் என் தெரிவு.

நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டுமா என்று முதலில் பார்த்து, வேண்டுமென்றால் செய்துகொண்டு போங்கள். லீவில் வருபவர் விமான டிக்கட் போடும்போதே இந்தத் திகதியையும் பார்த்துக்கொள்ளட்டும். வந்து இறங்கிய பிறகு தேடினால் லீவு முடியும்வரை இடம் கிடைக்காமல் போகலாம்.

கட்டணம், நாங்கள் கட்டியபடி: பெரியவருக்குச் சாதாரண சேவை 10,000 ரூபா, ஒருநாள் சேவை 20,000 ரூபா. 16 வயதுக்குட்பட்டவருக்கு முறையே 3,000, 9,000. இந்தக் குறைந்த கட்டணப் புத்தகம் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். இதோடு படம், கொப்பி, பஸ், இரவு தங்கும் செலவு என்று சேர்த்துப் பாருங்கள். சாதாரண சேவையில் இரண்டாவது தடவை போய் எடுக்கிற செலவையும் ஒரு நாள் சம்பளத்தையும் கூட்டினால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. சாதாரண சேவையைத் தெரிவு செய்தால் வாரக்கணக்கில் பொறுத்திருக்க ஆயத்தமாக இருங்கள்.

வீட்டுக்கு அனுப்பி வைக்கக் கேட்பவர்கள் விலாசத்தைக் கவனியுங்கள். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லை. தபால் தோட்டத்து ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டை அப்படி விட முடியாது. நகரத்தில் கடை வைத்திருக்கும் உறவினர் விலாசத்தைக் கொடுங்கள், அல்லது நேரில் போய் எடுங்கள்.

7. அன்றைய நாள்

ஹட்டனில் இருந்து கொழும்புக்கு நான்கைந்து மணித்தியாலம் பிடிக்கும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் கணக்கே இல்லை. முதல் நாள் இரவே போய்த் தங்குவது நல்லது. வயதானவர்களை விடியற்காலை பஸ்ஸில் ஏற்றி நேராக வரிசையில் நிறுத்தாதீர்கள், அக்கா அம்மாவை அப்படிக் கூட்டிப்போக நினைத்தபோது நான்தான் தடுத்தேன்.

உள்ளே போனால் முதலில் பத்திரங்களைப் பார்ப்பார்கள். "நான் இரட்டைக் குடியுரிமையாளர்" என்று அந்த இடத்திலேயே சொல்லிச் சான்றிதழை மேலே வையுங்கள். படிவத்தில் வேறு நாட்டுக் குடியுரிமை பற்றிய கேள்வியை வெறுமையாக விடாதீர்கள். பிறகு பணம், பிறகு விரலடையாளம். விரலடையாளம் 16 வயதில் இருந்து 60 வயது வரை. கொழுந்து பறித்து விரல் தேய்ந்த நம் தாய்மார்களுக்கு இயந்திரம் உடனே எடுக்காமல் போகலாம், பதறாமல் விரலைத் துடைத்துத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

தமிழில் பேசக் கேட்பது உங்கள் உரிமை. தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டுத் தரச் சொல்லித் தன்மையாகக் கேளுங்கள். புரியாமல் தலையாட்டி, பெயரில் பிழை வந்தால் பிறகு நீங்கள்தான் அலைய வேண்டும்.

புத்தகம் கையில் வந்ததும் வெளியே வராதீர்கள். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் அந்தக் கொப்பித் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. இடையில் வருகிறவர்கள்

நகரத்தில் ஒருவர், தனக்கு உள்ளே ஆள் இருப்பதாகவும் பெயர்ப் பிரச்சினையை இரண்டு நாளில் முடித்துத் தருவதாகவும் சொல்லி எங்களிடம் 15,000 ரூபா வாங்கினார். அவர் செய்தது அதே சத்தியக் கடதாசியை வேறொரு தாளில் அடித்துக் கொடுத்தது மட்டும். அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. மூல இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழையோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டையோ எந்தக் காரணத்துக்காகவும் இப்படிப்பட்டவர் கையில் ஒரு இரவுகூட விடாதீர்கள்.

9. இரண்டு புத்தகத்தோடு பயணம்

கட்டுநாயக்க விமான நிலையத்தின் குடியகல்வுக் கவுண்டரில் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டுங்கள். விமான நிறுவனக் கவுண்டரில் இரண்டையும் காட்டுங்கள், ஏனென்றால் போகிற நாட்டுக்குள் நுழையும் உரிமை மற்றதில்தான் இருக்கிறது. பிரித்தானியக் குடிமகனுக்கு இலங்கைக் கடவுச்சீட்டில் பிரித்தானிய வீசா தரமாட்டார்கள். அங்கே இறங்கும்போது பிரித்தானியக் கடவுச்சீட்டு கையில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே இரண்டும் எப்போதும் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வீசாவோடு இலங்கைக்குள் வந்து, இங்கே இருக்கும்போது இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தவர்கள் திரும்பிப் போகும்போது வந்த கடவுச்சீட்டையே முதலில் நீட்டிச் சான்றிதழையும் காட்டுங்கள். வந்த பதிவு அதில்தான் இருக்கிறது. விமான டிக்கட்டில் உள்ள பெயர் இரண்டு புத்தகத்திலும் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். 3ஆம் தலைப்பில் சொன்ன வேலையைச் செய்தவர்களுக்கு இதில் தொல்லை இருக்காது.

ஊர் திரும்பியதும் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் ஸ்கேன் செய்து வெளிநாட்டில் இருப்பவருக்கு ஒன்றும் இங்கே இருப்பவருக்கு ஒன்றுமாக வைத்துவிடுங்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது கேட்கப் போகிற கலர் கொப்பியையும் அதே நாளில், ஒரு பக்கமும் விடாமல் எடுத்துவிடலாம். அக்காவுடையதை ஹட்டனில் எடுத்து, அம்மாவுடைய பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிற அதே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.